சதுரங்கம் பயிலும் சிறார்க்கு எந்நூல் ஏற்றது?

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் குடும்பங்களுக்குப் பிள்ளைகளின் கல்வியே பெருஞ்செல்வம். மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் கணக்கெழுதுவோரும், மிளகு மண்டிகளில் சரக்கு நிறுப்போரும், கொச்சிக் கோட்டையை அடுத்த வேலிப் பகுதியின் சலவைத்துறையில் வெயிலில் நின்று உழைப்போரும் ஒருமனத்தராய் விரும்புவது, ‘நாம் பெறாத கல்வியை நம் பிள்ளைகள் பெற வேண்டும்’ என்பதே. அவ்விருப்பத்தோடு அண்மைக் காலத்தில் மற்றொன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. 2024 டிசம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூரில் சீன வீரர் டிங் லிரனை வென்று, சென்னைச் செல்வர் குகேஷ் தமது பதினெட்டாம் வயதில் உலகச் சதுரங்க வாகை சூடினார். அச்செய்தி வந்தது முதல் நம் இல்லங்களிலும் சதுரங்கப் பலகைகள் விரியத் தொடங்கின. ‘எங்கள் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம்?’ என்னும் கேள்வியும் உடன் பிறந்தது.

இக்கேள்விக்குப் பலரும் கண்டுள்ள விடை, கடையிலுள்ள நூல்களுள் பருமனான ஒன்றை வாங்கிவிடுவது. அன்பின் மிகுதியால், மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை அதற்கு ஈந்துவிடும் தந்தையரை நாம் அறிவோம். நூலின் உள்ளே பக்கம் பக்கமாக எழுத்தும் எண்ணும் கலந்த வரிசைகள் நிறைந்திருக்கும். பிள்ளை பத்து நாள் முயன்று மனப்பாடம் செய்யும். பதினோராம் நாள் தோழனோடு ஆடும். தோழனோ மூன்றாம் முறையே நூலில் இல்லாத காயை நகர்த்திவிடுவான். மேலே செய்வதறியாது பிள்ளை தோற்று வரும். சில திங்களில் நூல் அலமாரியின் மேல்தட்டுக்குப் போகும், பலகையும் பின்தொடரும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று முன்னோர் சொல்லி வைத்தது இத்தகைய கல்வியைக் கருதித்தான் போலும்! இங்கு வீணாவது பணம் மட்டுமன்று. ‘எனக்கு இது வராது’ என்று ஒரு குழந்தை தன்னைப் பற்றித் தானே முடிவு கட்டிக்கொள்வதே பேரிழப்பு. அவ்விழப்பு நேராதவாறு நூலைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

தொடக்க ஆட்டம் என்பது யாது?

சதுரங்க ஆட்டத்தை மூன்று பகுதிகளாகப் பிரிப்பர். படைகள் தத்தம் இடத்தினின்று வெளிப்பட்டு அணிவகுக்கும் முதற்பகுதியே ‘ஓப்பனிங்’ என வழங்கும் தொடக்க ஆட்டம். அடுத்து வருவது இடையாட்டம். காய்கள் பெரும்பாலும் வெட்டுண்ட பின் எஞ்சுவது இறுதியாட்டம்.

தொடக்க ஆட்டத்தைப் பற்றி நூல் எழுதும் வழக்கம் மிகப் பழையது. ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் ரூய் லோபஸ் தம் சதுரங்க நூலை 1561இல் வெளியிட்டார். நம் மட்டாஞ்சேரி யூதத்தெருவிலுள்ள பரதேசி யூதப்பள்ளி எழுந்தது 1568இல். அப்பள்ளியினும் ஏழாண்டு மூத்தது அந்நூல். அவர் பெயரால் வழங்கும் தொடக்க ஆட்டத்தை இன்றைய உலக வீரர்களும் ஆடுகின்றனர்.

இத்துறையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. ‘இந்தியத் தற்காப்பு’ என்ற பெயரால் தொடக்க ஆட்டங்கள் சில வழங்குகின்றன. 1850ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் வங்காளத்தைச் சேர்ந்த மகேஷ்சந்திர பானர்ஜி என்பார், கல்கத்தாவில் வழக்கறிஞராயிருந்த காக்ரேன் என்னும் ஸ்காட்லாந்தியரோடு பற்பல ஆட்டங்கள் ஆடினார். நம் நாட்டுப் பழைய முறையில் சிப்பாய் முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் பாயாது. ஒவ்வொரு கட்டமாகவே செல்லும். அம்முறையில் பழகிய பானர்ஜி, நடுக்கட்டங்களில் சிப்பாயை நிறுத்தாமல், ஓரத்தே மந்திரியை ஒளித்துவைத்துத் தொலைவிலிருந்தே நடுவைத் தாக்கினார். அவ்வாட்டங்களை நினைந்தே பிற்காலத்தார் அப்பெயரை இட்டனர்.

இனி ஒரு கணக்கைக் காண்போம். முதல் நகர்த்தலில் வெள்ளைக்கு இருபது வழிகள்; கறுப்புக்கும் இருபது. ஆகவே இருவரும் ஒருமுறை நகர்த்தியதும் 400 நிலைகள் தோன்றலாம். இருவரும் இரண்டாம் முறை நகர்த்தி முடிப்பதற்குள் ஆட்டம் செல்லக்கூடிய வழிகள் 1,97,281. நான்கே நகர்த்தலில் வழிகள் இரண்டு இலட்சத்தை நெருங்குமாயின், பத்து, பதினைந்து நகர்த்தல்களை மனப்பாடத்தால் கடக்கக் கருதுவது கடலைக் குடத்தால் முகந்து தீர்க்க எண்ணுவது போலாகும். வரிசையை நினைவில் வைப்பதன்று, காரணத்தை அறிவதே கல்வி. நூலைத் தேர்வதற்கும் இதுவே உரைகல்.

காரணம் அறிந்து கற்றல்

தொடக்க ஆட்டத்தின் நெறிகள் மூன்றே. பலகையின் நடுவிலுள்ள நான்கு கட்டங்களில் ஆட்சி பெறுதல் ஒன்று. குதிரைகளையும் மந்திரிகளையும் காலந்தாழ்த்தாது வெளிக்கொணர்தல் இரண்டு. கோட்டை கட்டி அரசனைக் காவலில் வைத்தல் மூன்று. இம்மூன்றும் செயற்படும் பாங்கை இத்தாலிய ஆட்டம் என்னும் பழைய தொடக்கத்தில் தெளியலாம்.

வெள்ளை தன் அரசனின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் முன்னேற்றுகிறது. அதனால் நடுவில் இடம் கிடைக்கிறது. ராணிக்கும் ஒரு மந்திரிக்கும் வழி திறக்கிறது. கறுப்பும் அவ்வாறே செய்கிறது. வெள்ளை தன் அரசன் பக்கத்துக் குதிரையை வெளியே கொணர்கிறது. அக்குதிரை கறுப்புச் சிப்பாயை அச்சுறுத்துகிறது. கறுப்பு தன் ராணி பக்கத்துக் குதிரையால் அச்சிப்பாயைக் காக்கிறது. மூன்றாவதாக வெள்ளை மந்திரியை வெளிக்கொணர்ந்து, கறுப்பரசன் ஒருவனே காவல் நிற்கும் சிப்பாய்க் கட்டத்தை நோக்கி நிறுத்துகிறது. அடுத்த முறை வெள்ளை கோட்டை கட்டலாம். நான்கே நகர்த்தலில் மூன்று நெறிகளும் நிறைவேறக் காண்கிறோம்.

இங்கே கறுப்பு குதிரைக்கு மாறாக, ராணியின் முன்னுள்ள சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்திற்று என்று கொள்வோம். வரிசையை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை திகைக்கும். காரணம் அறிந்த பிள்ளையோ, ‘இதுவும் அந்தச் சிப்பாயைக் காக்கத்தான், ஆனால் அரசன் பக்கத்து மந்திரியின் வழி அடைபட்டுவிட்டதே!’ என்று கண்டுகொண்டு, கலங்காமல் தன் காய்களை வெளிக்கொணரும். இருவர்க்கும் உள்ள வேற்றுமை அறிவில் இல்லை. அவர்கள் கையிலிருந்த நூலில் உள்ளது.

நான்கே நகர்த்தலில் ராணியைக் கொண்டு செக்மேட் செய்யும் தந்திரம் ஒன்று பள்ளிகளில் பரவியிருக்கிறது. இரண்டொரு முறை வெற்றி கிட்டியதும் பிள்ளைகள் அதிலேயே மயங்கிவிடுவர். எதிரி குதிரைப் பக்கத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி ராணியை விரட்டி, அடுத்துக் குதிரையைக் கொணர்ந்து வழியை மறித்தால் தந்திரம் பாழாகும். ராணி அலைந்துகொண்டிருக்க, எதிரியின் படை ஒழுங்காக வெளிப்பட்டுவிடும். தந்திரங்களையே தொகுத்து ‘விரைவில் வெல்லலாம்’ என்று விளம்பரம் செய்யும் நூல்களை ஒதுக்க வேண்டுவது இதனாலேயே.

யானை எது? மந்திரி எது?

கேரளத்தில் வாழும் நம் இல்லங்களுக்கென்றே ஓர் இடர்ப்பாடு உண்டு. நம் வீட்டுப் பேச்சில் மூலையில் நின்று நேர்க்கோட்டில் செல்லும் காய் யானை. குறுக்காகச் செல்வது மந்திரி. அரசனை அடுத்திருப்பது ராணி. மலையாள வழக்கிலோ மூலைக்காய் தேர். குறுக்காகச் செல்வதே ஆனை. நாம் ராணி என்பதை அவர்கள் மந்திரி என்பர். பள்ளியில் ஆசிரியர் ‘ஆனையை நகர்த்து’ என்றால், வீட்டில் தாத்தாவிடம் பயின்ற பிள்ளை மூலைக்காயைத் தொடும்! ஒரே சொல், இரண்டு காய். பிள்ளைக்கு அறிவு போதவில்லை என்று எண்ணி வருந்தாது, இரு வழக்கையும் ஒருநாள் பலகையின் முன் அமர்ந்து சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். சேரநாட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இரண்டும் உரியனவே.

நூல்களில் இச்சிக்கல் இல்லை. இன்றைய நூல்கள் கட்டங்களுக்கு எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீட்டை வழங்குகின்றன. வெள்ளையின் இடப்புறத்திலிருந்து ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என எட்டு நெடுவரிசைகள். வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எட்டுக் குறுக்குவரிசைகள். நாம் மேலே கூறிய முதல் நகர்த்தல் ‘இ4’. காய்களின் ஆங்கிலப் பெயரில் ஓரெழுத்தைக் குறியாகக் கொள்வர்: அரசனுக்குக் ‘கே’, ராணிக்குக் ‘க்யூ’, யானைக்கு ‘ஆர்’, மந்திரிக்குப் ‘பி’, குதிரைக்கு ‘என்’; சிப்பாய்க்கு எழுத்தில்லை. ஆங்கிலம் படியாத தாய்மாரும் ஒரு மாலைப்பொழுதில் இதனைக் கற்றுவிடலாம். கற்றுவிட்டால், நூலைப் பார்த்துப் பிள்ளைக்கு நகர்த்திக் காட்டுவதற்கு மொழி தடையாகாது.

பழைய புத்தகக் கடையில் வாங்குவோர் ஒன்றைக் கருத வேண்டும். முற்காலத்து ஆங்கில நூல்கள் வேறு குறியீட்டில் அமைந்தவை. அதன்படி ‘இ4’ என்பது ‘பி–கே4’ என வரும். வெள்ளையும் கறுப்பும் தத்தம் பக்கத்திலிருந்தே கட்டங்களை எண்ணுவர். பிழையான முறையன்று, ஆயினும் தொடங்குவோர்க்குக் குழப்பம் தரும். ஆகவே வாங்குமுன் ஒரு பக்கத்தைத் திறந்து குறியீட்டை நோக்குக.

நூல்களின் வரிசை

இனி, தொடங்குவோர்க்கு ஏற்ற நூல்களை முறையாகக் கூறுவோம். இவை யாவும் ஆங்கில நூல்களே. எனினும் அவற்றின் நடை எளியது. உயர்நிலைப் பள்ளி மாணவர் துணையிருந்தால் இல்லத்தார் அனைவரும் பயன் கொள்ளலாம்.

முதலாவதாக வைக்கத் தக்கது, இர்விங் செர்னேவ் 1957இல் வெளியிட்ட ‘லாஜிக்கல் செஸ்: மூவ் பை மூவ்’. முப்பத்து மூன்று முழு ஆட்டங்கள் இதில் உள்ளன. முதல் நகர்த்தல் தொடங்கி இறுதி வரை, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் காரணம் கூறப்பட்டிருக்கும். ‘இ4’ என்பதற்கு முதல் ஆட்டத்தில் காரணம் சொன்ன ஆசிரியர், அடுத்த ஆட்டத்திலும் சலியாது சொல்வார். கற்றவர்க்கு அலுப்பூட்டக்கூடிய இதுவே குழந்தைக்கு வேண்டிய மருந்து. இதன் புதிய பதிப்பு இக்காலக் குறியீட்டில் அமைந்தது. அதனையே கேட்டு வாங்குக.

இரண்டாவது, கியூபா நாட்டுக் காப்பபிளாங்கா 1921இல் எழுதிய ‘செஸ் ஃபண்டமெண்டல்ஸ்’. அவ்வாண்டிலேயே உலக வாகையரான பெருவீரர் அவர். தம் நூலை அவர் தொடக்க ஆட்டத்தில் தொடங்கவில்லை. எளிய செக்மேட்டுகளையும் இறுதியாட்டத்தையும் முதலில் வைத்தார். காய்கள் சிலவாயிருக்கும்போதே அவற்றின் ஆற்றலை அறிந்தவனுக்குத்தான் பல காய்களை ஆளத் தெரியும் என்பது அம்முறையின் கருத்து. காப்புரிமைக் காலம் கடந்தமையால், ‘புராஜெக்ட் குட்டன்பர்க்’ என்னும் இணைய நூலகத்தில் இது விலையின்றிக் கிடைக்கிறது. அப்படி பழைய குறியீட்டில் அமைந்தது என்பதை மட்டும் நினைவிற் கொள்க.

இவ்விரண்டில் ஒன்றைப் படித்து, ஐம்பது அறுபது ஆட்டங்களேனும் ஆடிய பின்னர், தொடக்க ஆட்டத்துக்கென்றே ஒரு நூல் தேவைப்படும். அதற்கு ஏற்றது இங்கிலாந்து நாட்டு ஜான் எம்ஸ் 2006இல் வெளியிட்ட ‘டிஸ்கவரிங் செஸ் ஓப்பனிங்ஸ்’. மேலே நாம் கூறிய மூன்று நெறிகளிலிருந்தே தொடங்கி, அவற்றினின்று ஒவ்வொரு தொடக்கமும் கிளைத்த வகையை அது காட்டுகிறது.

பின்னும் விரும்புவோர்க்கு, டச்சு வீரர் பால் வான் டெர் ஸ்டெரன் 2009இல் தந்த ‘ஃபண்டமெண்டல் செஸ் ஓப்பனிங்ஸ்’ உண்டு. பெரும்பாலான தொடக்கங்களையும் ஒரே நூலில் சொற்களால் விளக்கும் இது, தொடர்ந்து படிப்பதற்கன்று. வேண்டும்போது புரட்டிப் பார்ப்பதற்கு. ஆதலின் வீட்டுக்கொன்று வாங்காமல் நூலகத்தில் ஒன்று இருந்தால் பல பிள்ளைகளுக்குப் பயன்படும்.

வாங்க வேண்டாதவற்றையும் கூறிவிடுதல் நலம். 1911 முதல் பல பதிப்புகள் கண்ட ‘மாடர்ன் செஸ் ஓப்பனிங்ஸ்’, பெல்கிரேடிலிருந்து ஐந்து தொகுதிகளாக வெளிவந்த ‘என்சைக்ளோபீடியா ஆஃப் செஸ் ஓப்பனிங்ஸ்’ ஆகியவை புகழ்பெற்றவை. ஆயினும் தேர்ந்த வீரர்க்கே உரியவை. அகராதியைக் கொடுத்து மொழி கற்கச் சொல்வது போலாகும், அவற்றைத் தொடங்குவோர் கையில் கொடுப்பது. நம்மவர் எழுதியது என்னும் பெருமையால், பிரக்ஞானந்தாவின் ஆசானாகிய சென்னை ஆர். பி. ரமேஷ் 2022இல் வெளியிட்ட ‘இம்ப்ரூவ் யுவர் செஸ் கால்குலேஷன்’ நூலைச் சிறுவர்க்கு வாங்கிவிடுதலும் ஆகாது. சீரிய நூலே, எனினும் போட்டிகளில் பழுத்தோர்க்கு உரியது.

நூலின் பெயர் எதுவாயினும், கடையில் நின்றவாறே ஒரு சோதனை செய்யலாம். நடுவில் ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். குறியீடுகளைவிட விளக்கச் சொற்கள் மிகுந்திருந்தால் அது கற்பிக்கும் நூல். குறியீடுகளே நிறைந்து சொற்கள் அருகியிருந்தால் அது தேடிப் பார்க்கும் நூல். முன்னதை வாங்குக; பின்னதை வைத்துவிடுக.

எத்தனை தொடக்கங்கள் கற்பது?

மாவட்டப் போட்டிகளுக்குச் செல்லும் பிள்ளைகளின் பெற்றோர், ‘எதிராடுவோர் எல்லாம் பல தொடக்கங்களைக் கற்று வருகின்றனரே, நம் பிள்ளை காரணங்களை மட்டும் அறிந்து என்ன பயன்?’ என்று கேட்பர். நியாயமான கேள்வியே. போட்டிக்குச் செல்வோர் ஓரளவு வரிசைகளும் அறிந்திருக்க வேண்டும். ஆனால் மூன்று போதும். வெள்ளையாக ஆட இத்தாலிய ஆட்டம். கறுப்பாக ஆடும்போது, எதிரி இ4 எனில் இ5, டி4 எனில் டி5. நேருக்கு நேர் நிற்கும் இத்தொடக்கங்களில் மூன்று நெறிகளும் கண்கூடாக விளங்கும். பானர்ஜியின் வழிவந்த இந்தியத் தற்காப்பு, எதிரிக்கு நடுவை விட்டுக்கொடுத்துப் பின் தாக்குவது. ஓராண்டு பழகிய பின் அதனைக் கற்கலாம்.

தொடக்க நூல்களிற் பயிலாதார் வெல்லவே இயலாது என்பதும் உண்மையன்று. பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான் இளமையில் நம் நாட்டுப் பழைய முறையிலேயே ஆடியவர். 1929இல் இங்கிலாந்து சென்று அவ்வாண்டே பிரிட்டிஷ் வாகையரானார். 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் அப்பட்டத்தை வென்றார். முன்னர்க் கூறிய காப்பபிளாங்காவையே ஹேஸ்டிங்ஸ் போட்டியில் தோற்கடித்தவர் அவர். தொடக்க ஆட்டத்தில் மேலைநாட்டார்க்கிருந்த பயிற்சி அவருக்கு இல்லை. அவர்களை வென்றது இடையாட்டத்திலும் இறுதியாட்டத்திலும் அவருக்கிருந்த வன்மை.

கைப்பேசியும் கணிப்பொறியும்

இன்று கைப்பேசி இல்லாத இல்லம் அரிது. 2010இல் தொடங்கிய ‘லீசெஸ்’ என்னும் தளம் விளம்பரமும் கட்டணமும் இன்றி நடைபெறுவது. ஆடவும், புதிர் விடுவிக்கவும், ஒவ்வொரு தொடக்கத்திலும் பிறர் ஆடிய நகர்த்தல்களைக் காணவும் அதில் வழியுண்டு. பொருள் முட்டுப்பாடு உள்ள குடும்பத்துக்கு இது பேருதவி.

ஆனால் அதிலுள்ள கணிப்பொறி ஆட்டக்காரனைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எந்நிலையைக் கொடுத்தாலும் சிறந்த நகர்த்தலை நொடியில் அது காட்டிவிடும், காரணத்தைக் கூறாது. விடையை மட்டும் காணும் பிள்ளைக்குச் சிந்திக்கும் பழக்கம் வளராது. குகேஷின் ஆசான் விஷ்ணு பிரசன்னா, தம் மாணவர் கிராண்ட்மாஸ்டர் நிலையின் தரப்புள்ளியாகிய 2500ஐ எட்டும் வரை கணிப்பொறியின் துணையை நாடவிடவில்லை என்பது பலரும் அறிந்த செய்தி. பின்னாளில் உலக வாகையரான பிள்ளைக்கே அவ்விரதம் வேண்டியிருந்தது எனில், நம் பிள்ளைகளுக்குக் கூற வேண்டுமோ? ஆட்டம் முடிந்ததும் பிள்ளை தானே பிழையைத் தேடட்டும். பின்னர் நூலைக் காணட்டும். கணிப்பொறி கடைசியில் வரட்டும். ஓடும் படங்களில் வரும் பாடங்களுக்கும் இதே விதி பொருந்தும். பலகையில் காய்களை வைத்து, இடையிடையே படத்தை நிறுத்தி நகர்த்திப் பார்த்தால் பாடம். வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் அது வேடிக்கை.

அயலூரில் வளர்ந்த இருவர்

ஊரை விட்டு வந்த நமக்குப் பெரும் வாய்ப்புகள் எட்டா என்று சிலர் மனம் சோர்வதுண்டு. அவர்கள் இருவர் வரலாற்றைக் கருத வேண்டும். இந்தியாவின் முதல் இண்டர்நேஷனல் மாஸ்டர் பட்டத்தை 1961இல் பெற்ற மானுவேல் ஆரோன் பிறந்தது தமிழகத்தில் அன்று. 1935இல் பர்மாவிலுள்ள தௌங்கூ நகரில். ஒன்பது முறை தேசிய வாகை சூடிய அவர், 1972இல் சென்னை சோவியத் பண்பாட்டு நிலையத்தில் தொடங்கிய தால் சதுரங்கக் கழகத்திற்கும் தூணாக விளங்கினார்.

அக்கழகத்தில் பழகிய சிறுவர்களுள் ஒருவர் விசுவநாதன் ஆனந்த். ஆறாம் வயதில் அவருக்கு ஆட்டம் கற்பித்தவர் அன்னை சுசீலா. தந்தையாரின் பணி காரணமாகக் குடும்பம் சில காலம் பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலாவில் வாழ்ந்தது. அங்கே தொலைக்காட்சியில் பகற்பொழுதில் சதுரங்க நிகழ்ச்சி ஒன்று வரும். மகன் பள்ளியிலிருக்கும் அந்நேரத்தில், அன்னையார் ஆட்டங்களையும் புதிரையும் குறித்து வைப்பார். மாலையில் இருவரும் விடை கண்டு அனுப்புவர். சரியான விடைக்குப் பரிசு ஒரு நூல். பரிசுகளை அவரே தொடர்ந்து பெற்றமையால், வேண்டிய நூல்களை எல்லாம் எடுத்துக்கொண்டு இனி விடை அனுப்பாதிருக்குமாறு நிகழ்ச்சியினர் கூறினராம்! ஆனந்தே பல முறை மகிழ்ந்து சொல்லியுள்ள செய்தி இது. அயல்நாட்டில் ஒரு தமிழன்னை கையிலெடுத்த தாளும் எழுதுகோலும், 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரை உருவாக்கியதில் பங்கு கொண்டன. அவர் வரலாற்றை அறிய விரும்பும் பெற்றோர், 2019இல் வெளிவந்த ‘மைண்ட் மாஸ்டர்’ நூலைப் படிக்கலாம்.

தால் கழகத்தில் விரைவாட்டம் ஆடுவர். வென்றவர் பலகையை விட்டெழாது தொடர்ந்து ஆடலாம். எழாதிருக்க வேண்டும் என்னும் வேட்கையே அங்குப் பெரிய ஆசான். நூலறிவும் ஆட்டமும் இவ்வாறு கைகோத்துச் செல்ல வேண்டும்.

நம் கேரளத்திலும் சான்று உண்டு. திருச்சூர் மாவட்டத்து மரோட்டிச்சால் சிற்றூரில் தேநீர்க்கடை நடத்திய உண்ணிகிருஷ்ணன், தாம் கற்ற சதுரங்கத்தை ஊராருக்குக் கற்பித்தார். குடியிலும் சூதிலும் மூழ்கியிருந்த ஊர், சதுரங்க ஊர் என்று புகழ்பெற்றது. அம்மாவட்டத்தைச் சேர்ந்த நிஹால் சரின் 2018இல் கிராண்ட்மாஸ்டரானார். 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாடில் இந்திய இரண்டாம் அணியின் முதற்பலகையில் குகேஷும் இரண்டாம் பலகையில் நிஹாலும் அடுத்தடுத்து அமர்ந்து, இருவரும் தனிப்பொற்பதக்கம் பெற்றனர். தமிழும் மலையாளமும் அருகருகே அமர்ந்து வென்ற அக்காட்சி நம் போன்றோர்க்குத் தனி மகிழ்ச்சி தருவது.

நாம் செய்யத் தக்கவை

இல்லத்தில் செய்ய வேண்டுவது மிக எளிது. நூல் ஒன்று, பலகை ஒன்று, நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்று. பிள்ளை தான் ஆடும் ஆட்டங்களைக் குறிப்பேட்டில் எழுதட்டும். ஆட்டம் முடிந்ததும், நூலிலுள்ள வழியினின்று எவ்விடத்தில் விலகிற்று என்று பார்க்கட்டும். அவ்விடத்தை மட்டும் அன்று படித்தால் போதும். ஒரு நாளைக்கு ஒரு நகர்த்தலின் காரணம் விளங்கினாலும் ஆண்டுக்கு முந்நூறுக்குமேல் ஆகும். பெற்றோர்க்கு ஆட்டம் தெரியவேண்டும் என்பதில்லை. ‘இந்தக் காயை ஏன் நகர்த்தினாய்?’ என்று கேட்டுப் பொறுமையோடு விடையைக் கேட்டால் போதும். விடை சொல்ல முயலும்போதே பிள்ளை கற்கிறது. அவ்விடையைத் தமிழில் சொல்லச் செய்தால் தாய்மொழியும் உடன் வளரும்.

ஊரளவில் செய்யத் தக்கதும் ஒன்று உண்டு. நூலகங்களால் சிறந்த நாடு இது. 1945இல் பி. என். பணிக்கர் தொடங்கிய நூலக இயக்கத்தால், கேரளத்தில் தெருவெங்கும் வாசகசாலைகள் விளங்குகின்றன. அவர் மறைந்த ஜூன் 19ஆம் நாள் வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளில் நம் தெருக் குடும்பங்கள் சில கூடிப் பொருளீட்டி, அண்மையிலுள்ள வாசகசாலைக்குச் செர்னேவ் நூல் ஒன்றும் எம்ஸ் நூல் ஒன்றும் இரண்டு பலகைகளும் அளிக்கலாம். தனித்தனியே வாங்கினால் பத்து வீடுகளில் பத்து நூல்கள் உறங்கும். ஒன்றுகூடி அளித்தால் ஒரு நூல் பத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு விழித்திருக்கும். மலையாளச் சிறாரும் நம் சிறாரும் எதிரெதிர் அமர்ந்து ஆடவும் இடம் கிடைக்கும். யானையா தேரா என்று முதலில் சிறிது வாதிடுவர். பின்னர் ஆட்டம் தொடங்கிவிடும்.

நம் பிள்ளைகள் எல்லாரும் குகேஷ் ஆக வேண்டும் என்பதன்று நம் வேட்கை. ஒரு செயலைச் செய்யுமுன் அதன் காரணத்தைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளும் பழக்கம் அவர்களுக்கு வாய்க்குமாயின், அதுவே போதிய பரிசு. அதற்கு உதவும் நூலைத் தேர்ந்தளிப்பது நம் கடமை. ஆவன செய்வோமாக.